ஒத்துப்போன சபையும் ஒப்புக்கொள்ளாத சபையும்

காலம் மாறும்போது கிறிஸ்தவர்களை முதலில் பிடிப்பது சோர்வு. ஆலயத்தில் ஆள் குறைகிறது, பிள்ளைகள் விலகிப் போகிறார்கள், ஆட்சியாளர்கள் மதிப்பதில்லை, படித்தவர்கள் கேலி பேசுகிறார்கள். இந்தப் புலம்பல் ஒலிக்காத சபை எந்த நாட்டிலும் இல்லை. சோர்ந்த சபைக்கு மருந்து சொல்பவர்களுக்கும் பஞ்சமில்லை. ஊர் போகிற பக்கம் போங்கள், கூட்டம் தானாகத் திரும்பி வரும் என்கிறது ஒரு தரப்பு. ஊர் எக்கேடு கெட்டாலும் கதவைச் சாத்திக்கொண்டு சொந்த பக்தியைக் காப்பாற்றுங்கள் என்கிறது இன்னொரு தரப்பு.

இந்த இரண்டு மருந்தையும் முழு அளவில் குடித்துப் பார்த்த சபை ஒன்று உண்டு. 1933 முதல் 1945 வரை ஹிட்லரின் ஆட்சியில் இருந்த ஜெர்மனியின் புரொட்டஸ்டண்ட் திருச்சபை அது. முதல் மருந்து அந்தச் சபையைக் கொன்றது. இரண்டாவது மருந்து, பிழைத்தவர்களையும் ஊமையாக்கியது. அந்தச் சபை தமிழருக்கு அந்நியமும் அல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் ஜெர்மானியர். தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வேர் லைப்சிக் மிஷனில் இருக்கிறது. தாய்வீட்டில் நடந்த கதையைத் தமிழ்ச் சபை தெரிந்துகொள்வது நல்லது.

சோர்வின் தொடக்கம்

1918 நவம்பர் வரை ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசரே புரொட்டஸ்டண்ட் சபைக்கும் தலைவர். பிரஷ்யாவின் சபைக்கு மாமன்னரே தலைவர். போதகர் அரசு அதிகாரியைப் போல மதிக்கப்பட்டார். முதல் உலகப் போரில் தோற்று மன்னர் முடி துறந்ததும் அந்த ஏற்பாடு ஒரே வாரத்தில் சரிந்தது. அடுத்த ஆண்டு வந்த வைமார் அரசியல் சட்டம் அரசுச் சபை என்று ஒன்று கிடையாது என்றது. சபை வரி வசூலிக்கும் உரிமை மிஞ்சியது. பழைய மரியாதை மிஞ்சவில்லை.

1920களில் சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் சபைப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்தனர். தொழிலாளர் குடியிருப்புகளில் ஆலயம் காலியாகக் கிடந்தது. ரஷ்யாவில் ஆலயங்கள் மூடப்படும் செய்தி அச்சத்தைக் கூட்டியது. பெர்லினின் இரவு வாழ்க்கையைப் பார்த்துப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டனர். போதகர்களில் பெரும்பாலோர் குடியாட்சியை வெறுத்தனர். அரியணை போனதற்காக அழுதவர்கள் அவர்கள். வேதத்தை யாரும் அவர்கள் கையிலிருந்து பிடுங்கவில்லை, பிரசங்கிக்க யாரும் தடை போடவில்லை. போனது அந்தஸ்து மட்டுமே. அந்தஸ்து போனதை விசுவாசம் போனதாக அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். பின்னால் வந்த கேடு அத்தனைக்கும் விதை இந்தக் குழப்பத்தில் கிடக்கிறது.

கூட்டம் திரும்பி வந்த ஆண்டு

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார். கிறிஸ்தவமே தேசத்தின் ஒழுக்கத்துக்கு அடித்தளம் என்று வானொலியில் பேசினார். மார்ச் 21 அன்று புதிய நாடாளுமன்றத் தொடக்க விழா போட்ஸ்டாமில் ஓர் ஆலயத்திலேயே நடந்தது. சோர்ந்து கிடந்த சபைக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன வேண்டும்?

ஆலயங்கள் நிரம்பின. பழுப்புச் சீருடை அணிந்த கட்சித் தொண்டர்கள் அணிவகுத்து ஆராதனைக்கு வந்தனர். பலிபீடத்தின் அருகே ஸ்வஸ்திகாக் கொடிகள் நின்றன. சபையை விட்டுப் போனவர்கள் அந்த ஆண்டில் லட்சக்கணக்கில் திரும்பினர். சீருடையிலேயே பல ஜோடிகளுக்கு ஒரே நாளில் திருமணம் நடத்தப்பட்டது. எழுப்புதல் வந்துவிட்டது என்று போதகர்கள் கண்ணீர் மல்க எழுதினர். திரும்பி வந்த கூட்டம் எதைத் தேடி வந்தது என்று கேட்டவர்கள் சிலரே.

அப்போது முன்னால் வந்தது 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற இயக்கம். சபையும் இனமும் ஒன்றாக வேண்டும், இல்லாவிட்டால் மக்கள் கைவிட்டுப் போவார்கள் என்பது அதன் வாதம். ஜூலை 23 அன்று நாடெங்கும் சபைத் தேர்தல் நடந்தது. முந்தின நாள் இரவு ஹிட்லரே வானொலியில் அந்த இயக்கத்துக்கு ஆதரவு கேட்டார். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடங்களை இயக்கம் வென்றது. ஹிட்லரின் நம்பிக்கைக்குரிய லூட்விக் முல்லர் என்ற ராணுவ போதகர் செப்டம்பரில் தேசத்தின் பேராயரானார். வாளைக் காட்டி யாரும் சபையைப் பிடுங்கவில்லை. சபையே வாக்குச்சீட்டில் தன்னை எழுதிக் கொடுத்தது.

விலை என்ன?

விலை உடனே தெரிந்தது. செப்டம்பரில் கூடிய பிரஷ்யச் சினாடில் உறுப்பினர் பலர் பழுப்புச் சீருடையில் வந்து உட்கார்ந்தனர். 'ஆரியப் பிரிவு' என்ற விதி அங்கே நிறைவேறியது. பெற்றோரிலோ பாட்டன் பாட்டியிலோ ஒருவர் யூதராக இருந்தால், அல்லது மனைவி அப்படிப்பட்டவராக இருந்தால், அவர் போதகராகவோ சபை அதிகாரியாகவோ இருக்க முடியாது. ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் விலக்கில்லை.

இந்த விதியால் பாதிக்கப்படும் போதகர்கள் நாடு முழுவதிலும் மிகச் சிலர். சுமார் 18,000 போதகர்கள் இருந்த சபையில் விரல்விட்டு எண்ணும் சிலருக்காகச் சண்டை எதற்கு என்று நடுநிலையாளர்கள் கேட்டனர். ஞானஸ்நானத்தைவிட ரத்தம் பெரியது என்று சபை ஒருமுறை ஒப்புக்கொண்டால், பிறகு அந்தச் சபையிடம் ஒப்புக்கொடுக்க என்ன மிச்சம் இருக்கும் என்பதை அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. எண்ணிக்கை சிறியது என்பதே விட்டுக்கொடுப்பவர்களின் முதல் சாக்கு. எல்லாக் காலத்திலும் அதுவே.

நவம்பர் 13 அன்று பெர்லினின் ஸ்போர்ட்பலாஸ்ட் அரங்கில் சுமார் 20,000 பேர் கூடினர். இயக்கத்தின் பெர்லின் தலைவர் ரைன்ஹோல்ட் கிராவுசே மேடையேறினார். பழைய ஏற்பாட்டைத் தூக்கி எறிய வேண்டும், பவுலின் போதனையிலிருக்கும் யூத வாடையை நீக்க வேண்டும், வீரமான இயேசுவை முன்னிறுத்த வேண்டும் என்றார். அரங்கம் கைதட்டியது. மேடையில் இருந்த சபைத் தலைவர்களில் ஒருவரும் எழுந்து மறுக்கவில்லை.

இதன் முடிவு எங்கே போய் நின்றது என்பதை பெர்லினின் மரியன்டோர்ஃப் பகுதியில் இன்றும் கண்ணால் பார்க்கலாம். அங்கே 1935இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட மார்ட்டின் லூதர் நினைவு ஆலயத்தின் பிரசங்க பீடத்தில் மரச் செதுக்கல் இருக்கிறது. மலைப்பிரசங்கம் கேட்கும் கூட்டத்தில் போர்வீரன் ஒருவன் நிற்கிறான். ஞானஸ்நானத் தொட்டியில், தொப்பியைக் கையில் பிடித்தபடி கட்சித் தொண்டன் ஒருவன் செதுக்கப்பட்டிருக்கிறான். குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்கும் இடத்தில் கட்சிக்கு ஓர் இடம்! 1939 மே மாதத்தில் ஐசனாக் நகரில் ஒரு நிறுவனமே திறக்கப்பட்டது. சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை ஆராய்ந்து அகற்றுவது அதன் வேலை. அதற்குத் தலைமை தாங்கிய வால்டர் குருண்ட்மான் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். அந்த நிறுவனம் வெட்டித் திருத்திய புதிய ஏற்பாடு ஒன்றை வெளியிட்டது. பாட்டுப் புத்தகத்திலிருந்து அல்லேலூயா, சீயோன் போன்ற சொற்களைப் பொறுக்கி எறிந்தது.

இத்தனை விட்டுக்கொடுத்தும் கட்சி சபையை மதித்ததா? இல்லை. 1930களின் பிற்பகுதியில் கட்சித் தலைவர்களே சபைப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கத் தொடங்கினர். பேராயர் முல்லரை ஹிட்லர் கண்டுகொள்வதையே விட்டுவிட்டார். ஊரோடு ஒத்துப்போன சபையை ஊரும் வேண்டாம் என்றது. கட்சி மேடையில் கிடைப்பதையே ஆலயத்திலும் கேட்க யார் மெனக்கெட்டு வருவார்?

மறுத்தவர்கள்

மறுப்பு முதலில் ஒரு சுற்றுக்கடிதமாக வந்தது. எழுதியவர் பெர்லினின் டாலம் சபைப் போதகர் மார்ட்டின் நீமொல்லர். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் தளபதி, தீவிர தேசியவாதி, 1933 மார்ச் தேர்தலில் நாஜிக் கட்சிக்கே வாக்களித்தவர். ஆரியப் பிரிவு அவரை உலுக்கியது. செப்டம்பரில் அவர் தொடங்கிய 'போதகர் அவசர ஒன்றியம்' சில மாதங்களில் சுமார் 7,000 போதகர்களைச் சேர்த்தது. வேதத்துக்கும் விசுவாச அறிக்கைக்கும் மட்டுமே கட்டுப்படுவது, துன்புறும் சகோதரருக்கு உதவுவது, ஆரியப் பிரிவை விசுவாச மீறலாகக் கருதுவது என்று அவர்கள் கையெழுத்திட்டனர். மறுத்தவர்கள் பிறவிப் புரட்சியாளர்கள் அல்லர் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். நேற்றுவரை ஊரோடு கைதட்டியவர்களே பலர்.

1934 மே 29 முதல் 31 வரை வுப்பர்டால் நகரின் பார்மன் பகுதியில் ஒரு சினாடு கூடியது. 139 பிரதிநிதிகள் வந்தனர். லுத்தரன், சீர்திருத்தம், இரண்டும் இணைந்த சபை என்று மூன்று மரபினர் அவர்கள். சீர்திருத்தக் காலத்திலிருந்து ஒருவரையொருவர் நம்பாதவர்கள் ஒரே வாயால் பேசியது அதுவே முதல் முறை. அவர்கள் முன் வைக்கப்பட்ட அறிக்கையின் வரைவு சில நாட்களுக்கு முன் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஒரு விடுதியில் உருவானது. வரைவுக் குழுவில் மூவர். மதிய உணவுக்குப் பிறகு லுத்தரன்கள் இருவரும் தூங்கப் போனார்கள். மூன்றாமவரான சுவிட்சர்லாந்து இறையியலாளர் கார்ல் பார்த் கெட்டிக் காப்பியும் பிரேசில் சுருட்டுமாக உட்கார்ந்து எழுதி முடித்தார். பிற்காலத்தில் அவரே சிரித்துக்கொண்டு சொன்ன செய்தி இது.

பார்மன் அறிக்கையில் ஆறு கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றும் வேத வசனத்தில் தொடங்கி, ஏற்பதைச் சொல்லி, மறுப்பதையும் சொல்லி முடிகிறது. சபை கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய ஒரே வார்த்தை கிறிஸ்து என்கிறது முதல் கூற்று. தலைவர், இனம், தேசத்தின் விதி என்று வேறெதையும் கடவுளின் வெளிப்பாடாகச் சபை ஏற்காது என்பது அதன் பொருள். அவ்வப்போது ஆட்சி செய்யும் கொள்கைக்கு ஏற்றபடி சபை தன் செய்தியையும் அமைப்பையும் மாற்றக் கூடாது என்கிறது மூன்றாவது. மனித வாழ்க்கை முழுவதற்கும் தானே எல்லாம் என்று அரசு உரிமை கொண்டாட முடியாது என்கிறது ஐந்தாவது. மறுப்புகள் இல்லாமல் ஏற்புகளை மட்டும் எழுதியிருந்தால் ஜெர்மன் கிறிஸ்தவர்களும் புன்னகையோடு கையெழுத்திட்டிருப்பார்கள். எதை ஏற்க முடியாது என்று சொல்லாத விசுவாசம் எல்லோருக்கும் வசதியான விசுவாசம்.

அன்றாடத்தில் நிலைத்திருத்தல்

அறிக்கை எழுதுவது மூன்று நாள் வேலை. அதன்படி வாழ்வதற்குப் பதினோரு ஆண்டுகள் தேவைப்பட்டன. 1934 அக்டோபரில் டாலத்தில் கூடிய இரண்டாவது சினாடு, பேராயர் முல்லரின் நிர்வாகத்துக்கு இனிக் கீழ்ப்படியத் தேவையில்லை என்று அறிவித்து, சகோதர மன்றங்கள் என்ற பெயரில் சொந்த நிர்வாகத்தை அமைத்தது. 'விசுவாச அறிக்கைச் சபை' என்று அது அழைக்கப்பட்டது.

அதன் அன்றாட வேலைகள் மேடையில் சொல்லச் சாதாரணமானவை. பல ஊர்களில் சேர விரும்புவோர் கையெழுத்திட்டு உறுப்பினர் அட்டை வாங்கினர். பெர்லினில் அது சிவப்பு அட்டை. பெயர் எழுதிய அட்டை காவல்துறையின் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்தே எழுதினர். ஞாயிறு ஆராதனையில் மன்றாட்டு ஜெபத்தின்போது ஒரு பட்டியல் வாசிக்கப்பட்டது. சிறையிலிருப்போர், பேசத் தடை பெற்றோர், ஊரை விட்டு வெளியேற்றப்பட்டோர் என்று பெயர் பெயராக. பின்வரிசையில் ரகசியக் காவலர் உட்கார்ந்து குறிப்பெடுக்க, பட்டியல் வாசிக்கப்பட்டது. 1937இல் காணிக்கை வசூலையும் அரசு தடை செய்தது. ஆனாலும் சம்பளமில்லாத போதகர்களின் வீட்டு அடுப்பு எரிந்தது, சபையார் கொண்டுவந்து கொடுத்ததால்.

புதிய போதகர்களை உருவாக்க ஐந்து பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அவற்றில் ஒன்று ஸ்டெட்டின் நகருக்கு அருகே ஃபின்கன்வால்டேயில் இருந்தது. அதன் தலைவர் டீட்ரிக் போன்ஹோஃபருக்கு அப்போது வயது 29. காந்தியின் ஆசிரமத்தில் தங்கிக் கூட்டு வாழ்க்கையைக் கற்க விரும்பியவர் அவர். 1934 நவம்பரில் வரச் சொல்லி காந்தியே அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். பயிற்சிப் பள்ளியின் அழைப்பு வந்ததால் இந்தியப் பயணம் நின்றது.

அங்கே ஒவ்வொரு நாளும் சங்கீத வாசிப்பில் தொடங்கிச் சங்கீத வாசிப்பில் முடிந்தது. காலையில் அரைமணி நேரம் மௌனமாகத் தியானிக்க வேண்டும். ஒரு வாரம் முழுவதும் ஒரே வேதபகுதி. பிற்பகலில் விளையாட்டு, மாலையில் இசை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் போன்ஹோஃபர் கேட்டுப் பழகிய கறுப்பின மக்களின் ஞானப்பாடல் இசைத்தட்டுகளும் அங்கே ஒலித்தன. ஒரு விதி எல்லோரையும் உறுத்தியது. அங்கே இல்லாத சகோதரனைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். சபையைக் காப்பாற்றப் போகிறவர்கள் புறணியை விடுவதில் தொடங்கினார்கள். ஹிட்லரை எதிர்ப்பதைவிட இது கடினம் என்று அங்கே சிலர் உணர்ந்திருக்கவும் கூடும்!

அந்தப் பள்ளியிலிருந்து வெளிவந்தவர்கள் சட்டப்படி போதகர்களே அல்லர். அரசுச் சம்பளம் கிடையாது, போதகர் இல்லம் கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. 1937 செப்டம்பரில் ரகசியக் காவல்துறை பள்ளியைப் பூட்டியது. பயிற்சி சிறு சிறு குழுக்களாகக் கிராமங்களுக்குப் பிரிந்து 1940 வரை மறைவாக நடந்தது.

மறுப்புக்குக் கிடைத்த கூலி

1935 மார்ச்சில் இனவழிபாட்டைக் கண்டித்த அறிக்கையைப் பிரசங்க பீடத்தில் வாசித்ததற்காகப் பிரஷ்யாவில் 700க்கும் மேற்பட்ட போதகர்கள் சில நாட்கள் கைது செய்யப்பட்டனர். கார்ல் பார்த் பான் பல்கலைக்கழகப் பதவியை இழந்து பாசலுக்குத் திரும்பினார். 1937 ஜூலை 1 அன்று நீமொல்லர் கைதானார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவருக்கு ஏழு மாதத் தண்டனை கொடுத்தது. அதை அவர் ஏற்கெனவே அனுபவித்து முடித்திருந்தார். வீட்டுக்குப் போக வேண்டியவரை ஹிட்லரின் நேரடிக் கைதியாக மீண்டும் பிடித்துச் சாக்சன்ஹவுசன் முகாமுக்கும், பிறகு டாக்காவ் முகாமுக்கும் கொண்டுபோனார்கள். 1945இல்தான் வெளியே வந்தார்.

ஃபிரெட்ரிக் வைஸ்லர் சட்ட அறிஞர், யூதக் குடும்பத்தில் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவர். 1936இல் விசுவாச அறிக்கைச் சபை ஹிட்லருக்கு ரகசியமாக அனுப்பிய மனு வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வெளியானது. அதற்காகப் பிடிபட்ட அவர் 1937 பிப்ரவரியில் சாக்சன்ஹவுசனில் அடித்துக் கொல்லப்பட்டார். விசுவாச அறிக்கைச் சபையின் முதல் ரத்தசாட்சி என்று அவர் மதிக்கப்படுகிறார்.

பவுல் ஷ்னைடர் ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியின் நாட்டுப்புறப் போதகர். 1934 ஜூனில் ஹிட்லர் இளைஞர் அணிப் பையன் ஒருவனின் அடக்க ஆராதனையை நடத்திக்கொண்டிருந்தார். கல்லறையருகே கட்சித் தலைவர் ஒருவர் எழுந்து, பையன் விண்ணுலகில் ஹோர்ஸ்ட் வெஸ்ஸலின் படையில் சேர்ந்துவிட்டான் என்றார். வெஸ்ஸல் கட்சி கொண்டாடிய தியாகி. அப்படி ஒரு படை நித்தியத்தில் இருப்பதாகத் தமக்குத் தெரியாது என்ற பொருளில் ஷ்னைடர் அதே இடத்தில் மறுத்தார். கிறிஸ்தவ அடக்கத்தில் கிறிஸ்தவ நம்பிக்கைதான் பேசப்பட வேண்டும் என்பதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கைதுகள் அன்றிலிருந்து தொடங்கின. ஊரை விட்டுப் போகும்படி வந்த உத்தரவை மீறித் தம் சபைக்கே திரும்பி வந்தார். 1937 நவம்பரில் பூக்கன்வால்ட் முகாமில் அடைக்கப்பட்டார். ஹிட்லரின் பிறந்தநாளில் கொடிக்குத் தொப்பியைக் கழற்ற மறுத்ததால் தனிக்கொட்டடியில் போட்டார்கள். அதன் சன்னல் வழியாக, வெளியே வரிசையில் நின்ற கைதிகளுக்கு வசனம் சொல்லிக் கூவினார். ஒவ்வொரு முறையும் அடிபட்டார். 1939 ஜூலை 18 அன்று அங்கேயே கொல்லப்பட்டார்.

நிலைத்தவர்களும் தவறிய இடம்

வரலாறு இங்கே முடிந்திருந்தால் வீரர் புராணமாக வைத்துக் கொண்டாடலாம். முடியவில்லை. பார்மன் அறிக்கையின் ஆறு கூற்றுகளிலும் யூதர் என்ற பேச்சே இல்லை. சபைக்குள் இருந்த யூதப் பிறப்பினருக்காகப் போராடியவர்கள், சபைக்கு வெளியே இருந்த லட்சக்கணக்கான யூதருக்காகப் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. சபையின் சுதந்திரமே அவர்களுக்குச் சண்டைக் களம். அடுத்த வீட்டுக்காரரின் உயிர் அந்தக் களத்துக்கு வெளியே விழுந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பக்தியைக் காப்பாற்றும் மருந்து செய்த வேலை இது.

எச்சரித்தவர்கள் இருந்தார்கள். எலிசபெத் ஷ்மிட்ஸ் பெர்லின் பள்ளி ஆசிரியை. யூதர் படும் பாட்டை விவரமாகத் தொகுத்து 1935இல் ஓர் அறிக்கை எழுதினார், தாமே பிரதியெடுத்துச் சபைத் தலைவர்களுக்குக் கொடுத்தார். சினாடு அதைக் கையில் எடுக்கவே இல்லை. அவர் பெயர் போடாமல் எழுதியதால் பல பத்தாண்டுகள் வேறொருவர் எழுதியதாகவே அது அறியப்பட்டது.

1938இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கும்படி சபை நிர்வாகம் போதகர்களுக்கு உத்தரவிட்டது. விசுவாச அறிக்கைச் சபையின் பிரஷ்யச் சினாடும் தயங்கித் தயங்கி அனுமதி தந்தது. பெரும்பான்மையோர் பிரமாணம் எடுத்தனர். எடுத்து முடித்த பிறகு, இந்தப் பிரமாணத்தில் தலைவருக்கு அக்கறையே இல்லை என்று கட்சித் தலைமை தெரிவித்தது. கேட்காத விலையைக் கொடுத்துவிட்டு நின்றது சபை. அந்த நவம்பரில் நாடெங்கும் யூத ஜெப ஆலயங்கள் எரிந்தன. பெரும்பாலான பிரசங்க பீடங்கள் மௌனம் காத்தன.

மௌனம் காக்காதவர்களின் பெயர்கள் எளிதில் எண்ணி முடியும். வூர்ட்டம்பர்க் பகுதியின் ஓபர்லெனிங்கன் ஊர்ப் போதகர் யூலியஸ் ஃபொன் யான் ஒரு வாரத்துக்குள் வந்த மனந்திரும்புதல் நாளில் எரேமியாவை எடுத்து, எரிந்த ஆலயங்களைப் பற்றி வெளிப்படையாகப் பிரசங்கித்தார். சில நாளில் ஒரு கும்பல் அவரை இழுத்துப்போட்டு அடித்தது, பிறகு சிறை. பெர்லினில் ஹைன்ரிக் குரூபர் நடத்திய அலுவலகம் யூதப் பிறப்பினர் பலரை நாட்டைவிட்டுத் தப்பிக்க வைத்தது. 1940 டிசம்பரில் அவரும் முகாமுக்குப் போனார். பெர்லினின் கத்தோலிக்கப் பேராலயத்தில் பெர்ன்ஹார்ட் லிக்டன்பர்க் ஒவ்வொரு மாலையும் யூதருக்காகப் பகிரங்கமாக ஜெபித்தார். 1943 நவம்பரில் டாக்காவுக்குப் போகும் வழியில் இறந்தார். போன்ஹோஃபர் 1939 ஜூனில் பாதுகாப்பாக நியூயார்க் போய்ச் சேர்ந்தவர். ஒரு மாதத்தில் திரும்பிவிட்டார். போருக்குப் பின் தம் மக்களோடு சபையைக் கட்ட வேண்டுமானால் போரின் துன்பத்திலும் அவர்களோடு இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஹிட்லருக்கு எதிரான சதியில் சேர்ந்தார், 1943 ஏப்ரலில் கைதானார், 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். வயது 39.

1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் கூடிய சபைத் தலைவர்கள், இன்னும் துணிவாகச் சாட்சி சொல்லாததற்காகத் தம்மையே குற்றஞ்சாட்டிக்கொண்டனர். அந்த அறிக்கையிலும் யூதரின் பெயர் வரவில்லை. 1950இல் பெர்லினின் வைசன்சே பகுதியில் கூடிய சினாடுதான் அதைச் சொன்னது.

கணக்கு

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலிருந்து, சோர்ந்த சபைகள் எடுத்துக்கொள்ள வேண்டியவை நான்கு.

முதலாவது, இழந்தது எது என்று சரியாகக் கணக்கிட வேண்டும். அந்தஸ்து, சலுகை, ஆட்சியாளர் வீட்டு விருந்து, தேர்தல் நேரத்து மாலை ஆகியவை போனால் விசுவாசம் போனதாகாது. அவற்றை மீட்கத் துடிக்கும் சபை, மீட்டுத் தருவதாகச் சொல்லும் முதல் ஆளின் காலில் விழும். ஜெர்மானியச் சபை விழுந்தது.

இரண்டாவது, கூட்டம் சான்று ஆகாது. 1933இல் ஆலயம் நிரம்பியது, 1934இல் பார்மனில் 139 பேர் கூடினர். அந்த நூற்றாண்டில் சபை மீண்டும் மீண்டும் திரும்பிப் பார்த்தது எந்தக் கூட்டத்தை? தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு எதிராக 1982இல் எழுதப்பட்டு 1986இல் ஏற்கப்பட்ட பெல்ஹார் அறிக்கைக்குப் பார்மனே முன்மாதிரி. ஸ்போர்ட்பலாஸ்டின் 20,000 பேரை முன்மாதிரியாகக் கொள்ள ஒரு சபையும் இல்லை.

மூன்றாவது, நிலைத்திருப்பது உணர்ச்சியால் நடப்பதில்லை, பழக்கத்தால் நடக்கிறது. சங்கீதம் வாசித்தல், பெயர் சொல்லி ஜெபித்தல், சம்பளமில்லாதவருக்குச் சோறு, புறணி பேசாமை, அடக்க ஆராதனையில் பொய்யை அனுமதியாமை. கேட்கச் சிறியவை. பூக்கன்வால்டின் கொட்டடியில் ஷ்னைடர் கூவிய வசனம் அவர் அன்று கற்றது அல்ல. சாதாரண நாட்களில் மனப்பாடம் செய்யாதது நெருக்கடி நாளில் நாவுக்கு வராது.

நான்காவது மிகக் கசப்பானது. தன் கோட்பாட்டைக் காத்துக்கொள்வது பாதி விசுவாசமே. மறுத்தவர்களே பின்னாளில் தம்மேல் சுமத்திக்கொண்ட குற்றம் அது. தன் ஆலயம் தாக்கப்படும்போது மட்டும் அரசியல் சட்டத்தையும் மத உரிமையையும் நினைக்கிற சபை, பக்கத்துத் தெருவில் வேறொருவரின் வழிபாட்டிடமோ குடிசையோ எரியும்போது எங்கே இருந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஞானஸ்நானத்தைவிட ரத்தம் பெரிது என்ற ஆரியப் பிரிவைக் கேட்டுத் திடுக்கிடும் தமிழ்ச் சபை, சாதி பார்த்துப் பிரித்த கல்லறைத் தோட்டங்களையும் சாதி பார்த்து நடக்கும் சபைத் தேர்தல்களையும் கண்டு திடுக்கிடுகிறதா? அந்த விதி ஜெர்மனியில் அச்சில் ஏறியது. இங்கே அச்சில் ஏறாமலே நடக்கிறது.

காலம் கெட்டுவிட்டது என்று சொல்வது எளிது. எந்தக் காலமும் விசுவாசத்துக்கு வசதியாக அமைந்ததில்லை. ஊர் கைவிட்டுவிட்டதே என்று அழுகிற சபை, தான் யாரைக் கைவிட்டோம் என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும். அந்தக் கணக்கைத் தீர்க்கும் சபைக்குக் கூட்டம் குறைவதால் வரும் நஷ்டம் எதுவுமில்லை. தீர்க்காத சபைக்குக் கூட்டம் பெருகுவதால் வரும் லாபமும் இல்லை.